லகுண்டியும் நொச்சியும்: பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் மரபு மருத்துவத்தை அணுகும் முறை

மரபு மருத்துவம் முதியோரின் நம்பிக்கை என்றும், கல்வி பரவினால் அது தானாக மறைந்துவிடும் என்றும் ஒரு கருத்து நெடுநாளாக நிலவி வருகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டை உற்று நோக்குவோர்க்கு இக்கருத்து சரியன்று என்பது விளங்கும். அந்நாட்டின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 25 வயதுக்கு உட்பட்டவர்கள். உலகின் பல நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் நாடும் அதுவே. அங்குள்ள இளைஞர்கள் கல்லூரியில் நவீன மருத்துவத்தைக் கற்கிறார்கள். வீட்டில் இருமல் வந்தால் பாட்டி காய்ச்சித் தரும் இலைச்சாற்றையும் குடிக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவர்களுள் பலர் கருதுவதில்லை.

தமிழகத்து மருத்துவமனையின் இதழில் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அங்கு வீடுகளிலும் மருந்துக் கடைகளிலும் புழங்கும் மூலிகைகளிற் பல நம் வேலியோரத்தில் வளர்பவை. அங்கு எழும் கேள்விகள் நம் நோயாளிகளின் படுக்கையருகிலும் எழுகின்றன. தம் பழக்கத்தைத் தாமே ஆராய்வது எவர்க்கும் கடினம். அயலார் பழக்கத்தின் வழியாக அதைப் பார்க்கும்போது தெளிவு எளிதில் பிறக்கும்.

மரபின் மூன்று சொற்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டுப்புறத்தில் நோயுற்றவர் நாடும் மரபு மருத்துவர்கள் பல வகையினர். மூலிகையும் மந்திரமும் அறிந்தவர் 'அல்புலாரியோ' எனப்படுகிறார். மூலிகை விற்பவரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. உடலைப் பிடித்துவிட்டுச் சுளுக்கையும் வலியையும் நீக்கும் கலை 'ஹிலோட்' எனப்படும். பேறு பார்க்கும் மருத்துவச்சியரும் இம்மரபைச் சேர்ந்தவர்களே. சிக்கிஹோர் என்னும் தீவு இத்தகைய மருத்துவர்களுக்குப் பெயர்பெற்றது. தலைநகர் மணிலாவில் கியாப்போ தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் வேர்களும் இலைகளும் தாயத்துகளும் விற்கப்படுகின்றன.

மருந்தைக் காட்டிலும் ஆழமாக வேரூன்றியவை நோயைப் பற்றிய கருத்துகள். அவற்றுள் மூன்றை அறிந்துகொள்வது பயனுடையது. அந்நியர் ஒருவரின் பார்வையோ பேச்சோ குழந்தையைத் தாக்கி நோயுறச் செய்யும் என்னும் நம்பிக்கை 'உசோக்' எனப்படும். நம் வீடுகளில் கண்ணேறு என்று கூறப்படுவதற்கு இது மிக நெருங்கியது. உழைத்துச் சூடேறிய உடலில் குளிர்ந்த நீர் பட்டால் கைநடுக்கமும் வலியும் வரும் என்பது 'பாஸ்மா'. நோயிலிருந்தோ பேற்றிலிருந்தோ முழுமையாகத் தேறுமுன் வேலையில் இறங்கினால் நோய் திரும்பும் என்பது 'பீனாட்'. இச்சொற்களுக்கு நேரான நோய்ப்பெயர்கள் நவீன மருத்துவ நூல்களில் இல்லை. ஆயினும், மருத்துவம் பயிலும் மாணவர் வீட்டிலும் அவை நாள்தோறும் வழங்குகின்றன. மருத்துவரும் மானிடவியலாளருமல்லாத பொதுமக்கள் மட்டுமே இவற்றைப் பேசுகின்றனர் என்று எண்ண வேண்டா. மானிடவியல் அறிஞர் மைக்கேல் டான் இக்கருத்துகளை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார்.

இவற்றைக் கேட்ட மருத்துவர் நகைத்தால் என்ன நிகழும்? நோயாளி அடுத்த முறை அவ்வாறு பேசமாட்டார்; ஆனால் நம்பிக்கையைக் கைவிடவும் மாட்டார். பீனாட் என்று ஒரு தாய் சொல்லும்போது, 'எனக்கு இன்னும் ஓய்வு தேவை' என்பதே அதன் உட்பொருளாக இருக்கக்கூடும். அதைக் கேட்டறிவதும் மருத்துவத்தின் பகுதியே.

அரசு மேற்கொண்ட வழி

மரபு மருத்துவத்தை முற்றிலும் ஒதுக்குதல், ஆராயாமல் ஏற்றல் ஆகிய இரு எல்லைகளுக்கும் இடையே பிலிப்பைன்ஸ் அரசு ஒரு வழியைத் தேர்ந்தது. 1970களிலேயே மூலிகைகளைச் சோதிக்கும் தேசிய ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. மருந்தியல் பேராசிரியர் நீலியா கோர்ட்டெஸ் மராம்பா அதற்குத் தலைமை தாங்கிய அறிஞர். 1992ஆம் ஆண்டில் உடல்நலத்துறைச் செயலராக இருந்த ஹுவான் பிளாவியர் மரபு மருத்துவத் திட்டத்தை முன்னெடுத்தார். பத்து மூலிகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொதுமக்களிடையே பரப்பப்பட்டன. 1997 டிசம்பரில் குடியரசுச் சட்டம் எண் 8423 நிறைவேறியது. மரபு மற்றும் மாற்று மருத்துவ ஆய்வுக்கென ஒரு தேசிய நிறுவனம் அதன்வழி அமைந்தது.

அந்தப் பத்து மூலிகைகளுள் பூண்டு, கொய்யா, பாகல் ஆகிய மூன்றும் நம் சமையலறைக்கும் தோட்டத்திற்கும் உரியவை. கொய்யா இலைக் கொதிநீர் புண் கழுவப் பயன்படுகிறது. பாகல் நீரிழிவுக்குத் துணையாகக் கூறப்படுகிறது. நாம் சீமை அகத்தி அல்லது வண்டுகொல்லி என்று அழைக்கும் செடி அங்கு 'அகபுல்கோ'. படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுகளுக்குப் பூசப்படுகிறது. நாம் ரங்கூன் மல்லி என அழகுக்கு வளர்க்கும் கொடியின் விதை அங்குக் குடற்புழுவுக்கு மருந்து. சிறுநீர் பெருக்கும் 'சம்போங்', மூட்டு வாதத்திற்குத் தரப்படும் 'உலாசிமாங் பாத்தோ', வயிற்று வலிக்கு உதவும் 'சாங் குபாத்', வலிநீக்கியான புதினா வகை 'யெர்பா புவேனா' ஆகியவையும் பட்டியலில் உண்டு.

எஞ்சிய ஒன்று 'லகுண்டி'. இதுவே நம் நொச்சி. சளி பிடித்தால் நம் வீடுகளில் ஆவி பிடிக்க நீரில் இடும் அதே இலை. தாவரவியலார் இரு நாடுகளிலும் இதனை விட்டெக்ஸ் நெகுண்டோ என்ற ஒரே பெயரால் குறிக்கின்றனர். பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் இந்த இலையை உலர்த்திப் பொடித்து, இருமலும் ஆஸ்துமாவும் உள்ளவர்களிடம் சோதித்து, குறித்த அளவுள்ள மாத்திரையாகவும் இனிப்புக் கரைசலாகவும் மாற்றினர். இன்று அது அந்நாட்டுத் தேசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மருந்துக் கடையில் பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது.

இங்கு ஒரு பாடம் உண்டு. இலைக்கும் மாத்திரைக்கும் இடையே உள்ள வேறுபாடு பெட்டி மட்டுமன்று. எந்தச் செடி, எந்தப் பகுதி, எவ்வளவு, எத்தனை வேளை, யாருக்குக் கூடாது என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை காணப்பட்டது என்பதே அவ்வேறுபாடு. 'இயற்கையானது' என்னும் சொல் இவற்றுள் ஒன்றுக்கும் விடையாகாது.

இளைஞர்கள் ஏன் இதை நாடுகின்றனர்?

முதற்காரணம் குடும்பம். பாட்டியும் தாயும் கொடுத்த மருந்தை உண்டு வளர்ந்தவர்க்கு அது மருத்துவம் என்பதற்கு முன்னே அன்பாகவே அறிமுகமாகிறது. நெற்றியில் வைத்த இலையின் குளிர்ச்சியும் அருகிலிருந்தவரின் கையும் நினைவில் ஒன்றாகவே பதிகின்றன. அறிவியல் கல்வி இந்த நினைவை அழிப்பதில்லை; அழிக்கவும் தேவையில்லை.

இரண்டாவது காரணம் பொருளும் தொலைவும். அந்நாடு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்டது. சிறு தீவுகளில் வாழ்வோர் மருத்துவரைக் காணப் படகேற வேண்டும். ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். மூலிகையோ முற்றத்தில் உள்ளது. மரபு மருத்துவர் அடுத்த தெருவில் உள்ளார். 2019ஆம் ஆண்டில் அனைவருக்கும் உடல்நலம் என்னும் நோக்குடன் ஒரு சட்டம் இயற்றப்பட்ட போதிலும், சட்டம் ஊர்களைச் சென்றடையக் காலம் பிடிக்கும்.

மூன்றாவது காரணம் நம்பிக்கைச் சிதைவு. 2016ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் ஒன்பது வயதும் அதற்கு மேலும் உள்ள மாணவர்களுக்கு டெங்குத் தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதைப் பெற்றனர். முன்பு டெங்கு வராதவர்களுக்குத் தடுப்பூசிக்குப் பின் தொற்று ஏற்பட்டால் நோய் கடுமையாகக்கூடும் என்று 2017 நவம்பரில் அதன் உற்பத்தியாளரே அறிவித்தபோது நாடு அதிர்ந்தது. தடுப்பூசிகள் இன்றியமையாதவை என்று உறுதியாக ஒப்புக்கொண்டோர் 2015ஆம் ஆண்டு ஆய்வில் 93 விழுக்காடு. 2018இல் அது 32 விழுக்காடாகச் சரிந்தது. அந்த ஐயம் டெங்குத் தடுப்பூசியோடு நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தட்டம்மை பெருகிக் குழந்தைகள் பலர் இறந்தனர். அன்று பள்ளி வரிசையில் கை நீட்டி நின்ற சிறுவர்களே இன்றைய இளைஞர்கள். அவர்களுட் சிலர் மருத்துவமனையை ஐயத்தோடு நோக்கினால், அதனை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

நான்காவது காரணம் சந்தை. கைப்பேசித் திரையில் மெலிவு தரும் தேநீர், நிறம் கூட்டும் குளுட்டாதயோன், 'எல்லா நோய்க்கும் ஒரே பொடி' என்பன இடைவிடாது தோன்றுகின்றன. இவை மரபு மருத்துவம் என்னும் பெயரை அணிந்து வந்தாலும் பாட்டியின் மரபைச் சேர்ந்தவையல்ல. பிலிப்பைன்ஸ் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், துணையுணவுகள் மருந்தல்ல என்றும் எந்த நோயையும் தீர்க்கப் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரிக்கும் வாசகத்தை விளம்பரங்களில் கட்டாயமாக்கியுள்ளது. நிறத்துக்காகக் குளுட்டாதயோனை ஊசியாகச் செலுத்திக்கொள்வது கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யக்கூடும் என்றும் அது எச்சரித்துள்ளது.

இந்நான்கையும் ஒருங்கே நோக்கினால் இளைஞர்களின் மனப்பான்மை புலப்படும். அவர்கள் மரபைக் கண்மூடி நம்புவோரும் அல்லர்; நவீன மருத்துவத்தை மறுப்போரும் அல்லர். சிறு நோய்க்கு வீட்டு மருந்து, பெரு நோய்க்கு மருத்துவமனை என்று தாமே ஒரு கோடு வகுத்துக்கொள்கின்றனர். இக்கோடு பெரும்பாலும் அறிவுடையதே. இடர் இரண்டு இடங்களில் வருகிறது. சிறு நோய் எப்போது பெரு நோயாக மாறியது என்பதைக் கண்டறியத் தவறுவது ஒன்று. இரண்டையும் ஒருசேர உட்கொண்டு, ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கூறுவது மற்றொன்று.

காலம் தவறும் இடர்: டெங்குவின் சான்று

பிலிப்பைன்ஸில் 2019ஆம் ஆண்டு டெங்கு தேசியக் கொள்ளைநோயாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். டெங்கு என்றதும் அங்குள்ள குடும்பங்கள் நாடுவது 'தவா-தவா' என்னும் செடியின் கொதிநீர். அச்செடி நம் அம்மான் பச்சரிசியே. நாம் நிலவேம்புக் குடிநீரை நாடுவது போன்றதே இதுவும்.

கொதிநீரில் நீர் இருப்பதால் ஓரளவு நீர்ச்சத்து சேரலாம். ஆனால் டெங்குவை அது குணமாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. உண்மையான இடர் நோயின் இயல்பில் உள்ளது. டெங்குவில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலத்தில் காய்ச்சல் தணியும். ஆபத்தான கட்டம் தொடங்குவதும் அப்போதே. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து இரத்த அழுத்தம் வீழக்கூடும். காய்ச்சல் விட்டது மூலிகையின் பயன் என்று குடும்பம் மகிழும் அந்த நாளே குழந்தையை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய நாள். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூபன் ஆகிய மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்கலாகாது.

ஆவி பிடித்தலும் அவ்வாறே. 'துவோப்' என்னும் இப்பழக்கத்தைக் கொரோனாக் காலத்தில், 2020ஆம் ஆண்டு, செபு மாகாண ஆளுநர் பரிந்துரைத்தார். அது நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை என்றும், சூட்டுக் காயம் ஏற்படலாம் என்றும் உடல்நலத்துறை எச்சரித்தது. மூக்கடைப்பில் ஆவி சற்று இதம் தரலாம். ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் எந்த நாட்டிலும் உண்டு. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டா.

கூறாமல் விடுவதன் இடர்

சிறுநீரக மருத்துவத்தில் இவ்விடர் அடிக்கடி வெளிப்படும். பிலிப்பைன்ஸ் மக்கள் புளிப்புச் சாற்றில் சேர்க்கும் 'காமியாஸ்', கேரளத்திலும் நம் தென் மாவட்டங்களிலும் பிலிம்பி எனப்படும் காய். சமையலில் சிறிதளவு சேர்ப்பதால் நலமுடையோர்க்குத் தீங்கில்லை. கொழுப்பைக் குறைக்கும் என்று எண்ணி அதன் செறிந்த சாற்றைப் பெருமளவில் குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து திடீர்ச் செயலிழப்பு ஏற்பட்டமை கேரளத்தில் பதிவாகியுள்ளது. அங்கு 'பலிம்பிங்' எனப்படும் நட்சத்திரப் பழம் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்க்கு நஞ்சாகலாம். தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றும். இந்நோயாளிகள் இப்பழத்தை ஒரு துண்டும் உண்ணலாகாது.

பட்டியலில் இடம்பெற்ற மூலிகைகளும் எல்லார்க்கும் பொருந்துவனவல்ல. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பாகற் சாற்றையும் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். வார்பரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் பூண்டுச் செறிவு மாத்திரைகளை உட்கொண்டால் இரத்தக் கசிவு மிகலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் இதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சிறுநீர் பெருக்கும் மூலிகையை, ஏற்கெனவே அதே செயலுடைய மாத்திரை எடுப்பவர் சேர்த்து எடுத்தால் உடலின் நீரும் உப்பும் நிலை குலையும். ஆஸ்துமா மூச்சுத்திணறலின்போது உள்ளிழுக்கும் மருந்துக்கு மாற்றாக நொச்சி மாத்திரையை நம்பியிருத்தல் கூடாது.

இவற்றையெல்லாம் மருத்துவர் தடுக்க முடியும். ஆனால் அவர்க்குத் தெரிந்தால் மட்டுமே முடியும். நோயாளிகள் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வஞ்சகம் அன்று. கடிந்துகொள்வாரோ என்னும் அச்சம் ஒன்று; 'அது மருந்தே அல்லவே, வெறும் இலைதானே' என்னும் எண்ணம் மற்றொன்று. முதலாவதை நீக்குவது எங்கள் கடமை. இரண்டாவதை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளைஞர்களின் பங்கு

குடும்பத்தில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வருபவர், மருந்துச் சீட்டைப் படிப்பவர், கைப்பேசியில் தேடுபவர் பெரும்பாலும் இளைஞரே. பாட்டியின் மொழியும் மருத்துவரின் மொழியும் அவர்க்குத் தெரியும். பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் இரு உலகங்களிலும் ஒருங்கே வாழ்வதை ஒரு குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்நிலையில் உள்ளவரே பாலமாக நிற்க இயலும். நம் இல்லங்களிலும் இதே நிலைதான். முதியவரின் மருந்தைப் பறித்து எறிவதால் அவர் அதை மறைவாக உண்பார். 'தாத்தா, இதை அடுத்த முறை டாக்டரிடம் காட்டிக் கேட்போம்' என்று சொல்வதால் அது வெளிச்சத்துக்கு வரும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மருத்துவரிடம் வரும்போது கசாயம், பொடி, லேகியம், எண்ணெய், துணையுணவு அனைத்தையும் மருந்துப் பட்டியலில் எழுதுங்கள். இயன்றால் பெட்டியையோ இலையையோ கொண்டு வாருங்கள்.

2. எவ்வளவு நாளாக, நாளொன்றுக்கு எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்பதையும் குறியுங்கள்.

3. மருத்துவர் தந்த மாத்திரையை மூலிகைக்காகத் தாமாக நிறுத்தாதீர்கள். குறைக்க விரும்பினால் முதலில் கேளுங்கள்.

4. கருவுற்றோர், பாலூட்டுவோர், குழந்தைகள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோயுள்ளோர் எந்த மூலிகையையும் கேட்காமல் எடுக்கலாகாது.

5. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று கூறும் பொருளையும், உள்ளடக்கம் குறிக்கப்படாத பொடியையும் வாங்காதீர்கள்.

6. வீட்டு மருந்துக்கு ஒரு காலவரை வையுங்கள். இரண்டு நாளில் குறையாத காய்ச்சல், மூச்சுத்திணறல், இரத்தக் கசிவு, மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் காத்திருக்க வேண்டா.

பிலிப்பைன்ஸில் ஓர் இலை மாத்திரையாக உருப்பெற்றதற்கு முதற்படி, ஆய்வாளர்கள் முதியோரிடம் சென்று 'நீங்கள் எதை உண்கிறீர்கள்?' என்று மதிப்போடு கேட்டதுதான். எங்கள் பிரிவிலும் அதே வினாவைக் கேட்போம். தயங்காமல் விடை கூறுங்கள். அந்த விடை உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி.